கிளிசரின் தேவலை

சினிமா பார்த்து அழுகிறவர்களைக் கிண்டலடிக்கிற ஒரு கோஷ்டி எல்லா வீட்டிலும் உண்டு. அம்மா சேலைத் தலைப்பைக் கையில் எடுத்தால் போதும், 'ஆரம்பிச்சாச்சு, பக்கெட்டைக் கொண்டு வாங்கப்பா' என்று சோபாவிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அப்பா. விளக்கணைந்த தியேட்டரில் மட்டும் அவருக்கு அடிக்கடி கண்ணில் தூசி விழும். படித்த விமர்சகர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாக 'மிகையுணர்ச்சி' என்று எழுதுவார்கள். பையன்கள் 'அழுவாச்சி காவியம்' என்று முடித்துவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் நான் சேலைத் தலைப்பின் கட்சி. சினிமா பார்த்து அழுவதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, நாலு சண்டையும் ஐந்து பாட்டும் பார்த்தவருக்கு ரெண்டு சொட்டுக் கண்ணீருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதே வீட்டில், அதே சோபாவில் உட்கார்ந்துகொண்டு, சனிக்கிழமை ராத்திரி டி.வி.யில் பத்து வயசுக் குழந்தை ஒன்று நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுவதைப் பார்த்து நாமும் மூக்கைச் சிந்துகிறோமே, அங்கேதான் எனக்குத் தகராறு. முதல் கண்ணீரைக் கேலி செய்கிறோம். இரண்டாவதை, 'என்ன உருக்கமான ஷோ!' என்று அடுத்த நாள் ஆபீஸில் போய்ச் சொல்கிறோம். தலைகீழாக இருக்கிறது ஸார்.

பாசமலரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961ல் வந்த படம். அந்த ஒரே வருஷத்தில் பீம்சிங்கும் சிவாஜியும் சேர்ந்து பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் என்று மூன்று படம் கொடுத்து, தமிழ்நாட்டில் கைக்குட்டை வியாபாரத்தையே தூக்கி நிறுத்தினார்கள். கதை உங்களுக்குத் தெரியும். அப்பா அம்மா இல்லாத அண்ணன், தங்கை. தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தில் அண்ணன் தொழில் தொடங்கிப் பெரிய ஆளாகிறான். தங்கைக்குக் கல்யாணம். புகுந்த வீட்டில் ஒரு பொல்லாத பெண்மணி. உறவு விரிசல் விட, அண்ணன் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறான். ஒரு தீபாவளிக்குத் திரும்பி வருகிறவன், பட்டாசிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்க் கண்ணை இழக்கிறான். அந்தக் குழந்தை யார்? தங்கையின் குழந்தை. கடைசியில் தங்கையின் கையைப் பிடித்தபடி அண்ணன் உயிரை விட, தங்கையும் கூடவே போய்விடுகிறாள்.

இதைவிட அநியாயமாக ஒரு கதையை முடிக்க முடியாது. லாஜிக்? அதை ஜனங்கள் சைக்கிளோடு சேர்த்து ஸ்டாண்டிலேயே டோக்கன் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். அடுத்த வருஷமே தெலுங்கில் ரக்த சம்பந்தம், இந்தியில் ராக்கி. இந்தி அண்ணன் அசோக் குமாருக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. மொழி மாறியது, மூக்கைச் சிந்துவது மாறவில்லை. தமிழிலோ படத்தின் பெயர் அகராதியில் ஏறாத ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. அண்ணனும் தங்கையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், 'பெரிய பாசமலர்னு நெனப்பு' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிவாஜி கன்னம் துடிக்க அழுததால்தான் ஜனங்கள் அழுதார்கள் என்று நினைப்பது தப்பு. அப்படியானால் அதே மாதிரி கன்னம் துடித்த மற்ற நூறு படங்களுக்கும் அழுதிருக்க வேண்டுமே. பாசமலர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்மிடம் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, நாலணா எட்டணாவாகப் போட்டுக்கொண்டே வருகிறது. அண்ணன் தங்கை சேர்ந்து சாப்பிடுகிற சோறு ஒரு நாலணா. தங்கையின் கல்யாணத்துக்கு அண்ணன் ஒத்துக்கொள்கிற இடம் ஒரு எட்டணா. கடைசி ரீலில் மொத்தத்தையும் வட்டியோடு எடுக்கிறார்கள். அழுகை சிவாஜியுடையது அல்ல, நாம் போட்டு வைத்தது.

இன்னொரு படம் சொல்கிறேன். 1982ல் வந்த மூன்றாம் பிறை. ஊட்டி மலை ரயில் பாதையில் கேத்தி என்று ஒரு சின்ன ஸ்டேஷன். பாலு மகேந்திரா அந்த ஸ்டேஷனை வைத்துச் செய்த காரியத்தை இந்த 40 வருஷத்தில் இன்னொருவர் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. விபத்தில் நினைவு தப்பிக் குழந்தையாகிப்போன விஜியை சீனு தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறான். வைத்தியம் பலிக்கிறது. நினைவு திரும்புகிறது. திரும்பின நினைவில் சீனு இல்லை. ரயில் கிளம்பப் போகிறது. அவள் ஜன்னலோரத்தில். அடிபட்டு, சேறு பூசி, நொண்டிக்கொண்டு ஓடி வருகிறவன், அவளுக்குப் பிடித்த குரங்காட்டத்தைப் பிளாட்பாரத்தில் ஆடிக் காட்டுகிறான். அவள் யாரோ பைத்தியக்காரன் என்று பார்க்கிறாள்.

அந்தக் காட்சியில் யார் அழுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சீனுவுக்கு அழ நேரமில்லை, ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. விஜிக்கு அழக் காரணமில்லை, அவளுக்கு எதுவும் தெரியாது. அத்தனையும் தெரிந்தவர்கள் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற நாம் மட்டும்தான். திரையில் அழ ஆள் இல்லாததால் அந்த வேலை நம் தலையில் விழுகிறது. படத்துக்குக் கமலுக்குச் சிறந்த நடிகர், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவு என்று இரண்டு தேசிய விருது. படம் பார்த்தவர்களில் பல பேர் இன்னும் ஊட்டி ரயிலில் கேத்தி வந்ததும் கொஞ்சம் மௌனமாகிவிடுகிறார்கள்.

சத்யஜித் ரே இதையே வேறு விதமாகச் செய்தார். 1955ல் வந்த பதேர் பாஞ்சாலி. ஊரை விட்டுச் சம்பாதிக்கப் போன அப்பா ரொம்ப நாள் கழித்துத் திரும்பி வருகிறார். மகள் துர்கா செத்துப்போனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கு என்று ஒரு சேலை. அந்த அம்மா அதுவரை கல் மாதிரி நின்றவள், உடைகிறாள். வாய் திறக்கிறது. ஆனால் நமக்கு அவள் குரல் கேட்காது. அந்த இடத்தில் ரே அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டு, தார் ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்ச ஸ்தாயியை வைத்தார். பெற்றவளின் ஓலத்தை அப்படியே மைக்கில் பிடித்துக் காட்டுவது மரியாதை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். அல்லது வாத்தியம்தான் அதிகமாக அழும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். எதுவானாலும் சரி, நடிகையின் பொய் அழுகைக்கே அவர் ஒரு திரை போட்டார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தா வரைகூடப் போக வேண்டாம். நம் ஊர்க் கூத்து மேடையிலேயே அரிச்சந்திரன் மயான காண்டம் இருக்கிறது. பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனைச் சுமந்துகொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். சுடுகாட்டைக் காவல் காக்கிறவன் அவள் புருஷன். எரிக்கிறதுக்குக் கூலி கேட்கிறான். கதை எப்படி முடியும் என்று ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். போன வருஷமும் பார்த்தார்கள், அதற்கு முந்தின வருஷமும் பார்த்தார்கள். ஆனாலும் நடுராத்திரியில் சந்திரமதி வேஷம் கட்டினவர் (மீசை மழித்த ஆண்பிள்ளைதான்) குரலை எடுத்தால், பாயில் படுத்திருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து அழுவார்கள். தன் வீட்டில் செத்தவர்களையெல்லாம் ஒரு சுற்று நினைத்துக்கொண்டு அழுவார்கள்.

விடிந்தால், லோகிதாசன் வேஷம் போட்ட பையன் முகத்தில் பாதி அரிதாரத்தோடு டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருப்பான். ராத்திரி அவனுக்காக அழுத கிழவியே, 'ஏலே, இன்னொரு பன்னு வாங்கிக்கடா' என்று காசு கொடுத்துவிட்டுப் போகும்.

ஒப்பந்தம் அவ்வளவுதான். செத்த பையன் விடிந்ததும் பன் தின்ன வேண்டும். ராத்திரி நாம் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நடிகனின் கண்ணில் இருப்பது கிளிசரின், நம் கண்ணில் இருப்பது நிஜம். அவன் பொய் சொல்கிறான் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இந்த வியாபாரத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

டி.வி. சீரியல்களைக்கூட நான் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் என்று ராத்திரிச் சாப்பாட்டை ஒரு தலைமுறைக்கு உப்புக்கரிக்க வைத்தவர்கள் மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு. ஒரு சொட்டுக் கண்ணீரை மூன்று கோணத்தில் காட்டுவார்கள். கதவு திறந்தால் இடி இடிக்கும். ஐந்து பெண்களைப் பெற்ற மெட்டி ஒலி சிதம்பரம் வாரத்துக்கு ஐந்து நாள், 2002லிருந்து 2005 வரை கலங்கினார். தொலையட்டும். டெல்லி குமார் நல்ல நடிகர், 'கட்' சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்கப் போயிருப்பார். யாருக்கும் நஷ்டமில்லை, பார்த்தவர்களின் தூக்கத்தைத் தவிர.

இப்போது சனிக்கிழமை ராத்திரிக்கு வருவோம்.

எந்த சேனல் என்று கேட்காதீர்கள். பாட்டுப் போட்டி, ஆட்டப் போட்டி, குட்டிப் பிள்ளைகளின் மிமிக்ரி, எல்லாம் ஒரே தையல். முதலில் 'ஏ.வி.' போடுவார்கள். டி.வி. பாஷையில் ஏ.வி. என்றால், போட்டிக்கு வந்த பிள்ளையைப் பற்றிய மூன்று நிமிஷப் படம். ஓட்டு வீடு. ஒழுகுகிற மூலை. அதற்குக் கீழே வைத்த அலுமினியப் பாத்திரம். அப்பா மூட்டை தூக்குகிறார், அல்லது ஆட்டோ ஓட்டுகிறார், அல்லது அப்பாவே இல்லை. அம்மா அடுப்பு ஊதுவதை மெதுவாக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, பின்னால் ஒரு வயலினை இழுத்துவிடுவார்கள். கார் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் ஏ.வி. உண்டு. அதில் நாய்க்குட்டி வரும், நீச்சல் குளம் வரும், பாட்டு டீச்சர் வருவார். வயலின் வராது. கண்ணீர் என்ற பயிரை ஓட்டு வீட்டில் மட்டும்தான் அறுவடை செய்கிறார்கள், கவனித்தீர்களா?

படம் முடிந்ததும் மேடையில் விளக்கு. அந்தப் பிள்ளை அங்கேயே நின்று, தன் வீட்டின் ஒழுகலை ஆளுயரத் திரையில் இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. 'இதைப் பார்க்கும்போது உனக்கு என்ன தோணுது கண்ணா?' என்று தொகுப்பாளர் மைக்கை நீட்டுவார். பாட வந்த குழந்தை அது. சுருதி சேர்ந்ததா, தாளம் நின்றதா என்று கேட்டால் பதில் சொல்லும். இதற்கு என்ன சொல்லும்? உதடு பிதுங்குகிறது. இந்தப் பிதுங்கலுக்காகத்தான் மூன்று கேமரா காத்துக்கொண்டிருந்தன. ஒன்று குழந்தை மேல், ஒன்று கீழே உட்கார்ந்திருக்கிற அம்மா மேல், ஒன்று கண்ணாடியைக் கழற்றுகிற நடுவர் மேல்.

சில வாரங்களில் 'சர்ப்ரைஸ்' உண்டு. வெளிநாட்டில் வேலை பார்க்கிற அப்பாவை, பிள்ளைக்குத் தெரியாமல் வரவழைத்து, புகைக்கு நடுவில் கதவைத் திறந்து கொண்டுவந்து நிறுத்துவார்கள். ரொம்ப நாள் கழித்து அப்பாவைப் பார்க்கிற குழந்தை எப்படி அழும் என்பது அந்தக் குழந்தைக்கும் அப்பாவுக்கும் மட்டும் சொந்தமான சமாசாரம். விமான நிலையத்தில் அந்தக் காட்சி நடந்தால், நாகரிகம் உள்ளவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அப்புறம் எலிமினேஷன். மூன்று குழந்தைகள் கை கோர்த்துக்கொண்டு நிற்கும். 'இன்னிக்கு இந்த மேடையை விட்டுப் போகப் போறது...' என்று சொல்லிவிட்டுத் தொகுப்பாளர் வாயை மூடிக்கொள்வார். டும், டும் என்று நெஞ்சு அடிக்கிற சத்தம். உடனே விளம்பர இடைவேளை. சோப்பு, சமையல் எண்ணெய், வட்டி குறைந்த நகைக்கடன் எல்லாம் முடிந்த பிறகுதான் பெயர். படப்பிடிப்பில் விளம்பரம் ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நிறுத்தி வைத்த மௌனம் பொய்யில்லை, அதில் நின்றது நிஜக் குழந்தை. பெயர் சொன்னதும் அது உடைவதை மூன்று தரம் மெதுவாகக் காட்டி, அடுத்த வார ப்ரோமோவிலும் போட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை சீரியலுக்கு நடுநடுவே ஓட்டுவார்கள். ரே நடிகையின் அழுகைக்கு வாத்தியத்தால் திரை போட்டார் என்றேனே. இங்கே குழந்தையின் நிஜ அழுகைக்குக் காலர் மைக்.

விடிந்தால் இந்தப் பிள்ளை பன் தின்னுமா? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் ஸார். நம் வீட்டுக் கூரை ஒழுகுவதையும், அப்பா குடிப்பதையும், அம்மாவின் தாலி அடகில் இருப்பதையும் வகுப்பில் மொத்தப் பேரும் பார்த்திருப்பார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு கொடூரமாகக் கேலி செய்யும் என்று உங்களுக்கு ஞாபகமில்லையா? முன்பு அந்தக் கேலி ஒரு வருஷத்தில் மறந்துபோகும். இப்போது யூடியூபில் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போதும் கிடக்கும்.

சினிமாவும் ஒன்றும் யோக்கியம் இல்லை என்பீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். 1931ல் ஹாலிவுட்டில் ஸ்கிப்பி என்று ஒரு படம். சின்னப் பையன் அழ வேண்டிய காட்சி. நடித்தவன் ஜாக்கி கூப்பர். அவனுக்கு அழுகை வரவில்லை. இயக்குநர் நார்மன் டாரக், பையனுக்கு நெருங்கிய உறவுக்காரர் வேறு, அவனுடைய செல்ல நாயைச் சுட்டுவிடுவதாக மிரட்டினார். பையன் கதறினான். காட்சி பிரமாதமாக வந்தது. டாரக்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஒன்பது வயசு ஜாக்கி கூப்பர் பெயரும் சிறந்த நடிகர் பட்டியலில் வந்தது. எல்லாரும் மறந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. 50 வருஷம் கழித்து, 1981ல், ஜாக்கி கூப்பர் தன் சுயசரிதையை வெளியிட்டார். தலைப்பு என்ன தெரியுமா? 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்.' ஆயிரம் விஷயம் பார்த்த மனிதர், நடிகராக, இயக்குநராகப் பேர் வாங்கியவர், தன் மொத்த வாழ்க்கைக்கும் வைத்த பெயர் அது. அன்றைக்கு அழுதது ஸ்கிப்பி இல்லை, ஜாக்கி. அதுதான் வித்தியாசம்.

நம் நாட்டில் 2008ல் கொல்கத்தாவில் ஒரு சம்பவம். வங்காள டி.வி. ஒன்றின் நடனப் போட்டியில் கலந்துகொண்ட 16 வயசுப் பெண் பேச்சிழந்து, நடக்க முடியாமல் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். நடுவர்களின் சுடுசொல்தான் காரணம் என்றார்கள் பெற்றோர். நாடு முழுக்கப் பேச்சானது. அதற்குப் பிறகு, 2010-11ல், தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் டி.வி. நிகழ்ச்சிகளில் குழந்தைகள் பற்றி வழிகாட்டு நெறிகள் போட்டது. 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, 2017ல் விதிகளும் வந்தன. கலைஞராகப் பங்கேற்கும் குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது.

நல்ல விதிகள்தான். மணியை எண்ணுகிறார்கள், பணத்தை எண்ணுகிறார்கள். ஒரு குழந்தையை அழவைக்க அஞ்சு மணி நேரம் எதற்கு? அஞ்சு நிமிஷம் போதுமே. 'உங்க அப்பா இப்ப உயிரோட இருந்தா என்ன சொல்லியிருப்பார்?' என்று கேட்டால் ஒரே நிமிஷத்தில் வேலை முடிந்தது. மீதி 4 மணி 59 நிமிஷமும் சட்டப்படி ஓய்வு.

பெரியவர்களை வைத்து நடக்கிற குடும்பப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பத்தி போதாது. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், நடுவில் ஒரு நீதிபதி அம்மா. இரண்டு பேரையும் மோதவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டு 'உனக்கு யார் வேணும்?' என்று கேட்பது. இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு 2018ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடையே விதித்தது. கோர்ட்டில் குடும்ப வழக்கை மூடிய அறையில் விசாரிக்க வழி வைத்திருக்கிறார்கள். காரணம் இல்லாமலா?

'அவங்க சம்மதத்தோடதானே வர்றாங்க?' என்று கேட்கிறவர்கள் உண்டு. பத்து வயசுக் குழந்தையின் சம்மதம் என்பது அப்பாவின் கையெழுத்து. அந்த அப்பா யார்? பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று லீவு போட்டு, சம்பளம் போய், சென்னைக்கு பஸ் ஏறி வந்து ஸ்டூடியோ வாசலில் பையோடு நிற்கிறவர். 'வீட்டைப் படமெடுக்கணும்' என்றால் வேண்டாம் என்று சொல்லுவாரா? சொன்னால் அடுத்த சுற்றில் பிள்ளை இருக்குமோ இருக்காதோ என்று பயப்படுவாரா, மாட்டாரா? இதற்குப் பெயர் சம்மதம் என்றால், கந்துவட்டிக்குக் கைநாட்டு வைக்கிறவனும் சம்மதத்தோடுதான் வைக்கிறான்.

'எத்தனை பேர் வாழ்க்கை மாறியிருக்கு தெரியுமா?' இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். மேடையில் பாடின பிள்ளைகள் சினிமாவில் பாடுகிறார்கள். வீடு பரிசாகக் கிடைத்திருக்கிறது, படிப்புச் செலவை யாரோ ஏற்றிருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் பரிசு பாட்டுக்குத்தானே? பாட்டைக் கேட்டு, மார்க் போட்டு, பரிசைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? நடுவில் ஒழுகுகிற கூரை எதற்கு? பேங்க்கில் கடன் கொடுக்கிறவன்கூட ஆபீஸர் அறைக்குள் கூப்பிட்டுத்தான் கஷ்டத்தைக் கேட்கிறான். கவுன்ட்டரில் நிற்க வைத்து மைக்கில் கேட்பதில்லை.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. கொஞ்சம் படித்த கட்சி. 'கிளிசரின் பொய் சார், இது நிஜம். நிஜம்தானே உசத்தி?' என்பார்கள்.

2018ல் வந்த பரியேறும் பெருமாள் படத்தில் ஒரு காட்சி. சட்டக் கல்லூரியில் படிக்கிற மகனுக்காக அப்பா வருகிறார். பெண் வேஷம் கட்டி ஆடுகிற கலைஞர். அவருடைய வேட்டியை உருவி, தெருவில் ஓட ஓட விரட்டுகிறார்கள். அந்த மெலிந்த உடம்பு கையால் மானத்தை மறைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தபோது தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. நடித்தவர் தங்கராஜ், 2023ல் காலமானார். நிஜத்திலும் பெண் வேஷமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். அவர் வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களை எல்லாம் ஏ.வி.யாக எடுத்து, வயலின் போட்டு, மேடையில் நிற்க வைத்து, 'இப்ப என்ன தோணுதுய்யா?' என்று கேட்டிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? 'ஐயோ பாவம்' என்றிருப்போம். உதவி எண்ணுக்கு நூறு ரூபாய் அனுப்பியிருப்போம். நிம்மதியாகத் தூங்கியிருப்போம். மாரி செல்வராஜ் அவருக்கு ஒரு வேஷம் கொடுத்தார். வேஷம் என்பதால் அவமானம் தங்கராஜ் மேல் ஒட்டவில்லை. விரட்டினவர்கள் மேல் ஒட்டியது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நம் மேலும் கொஞ்சம் ஒட்டியது. அந்த அழுகையில் தூக்கம் வராது.

டி.வி. அழுகையில் வருகிறதே, அதுதான் அதன் லட்சணம். அழுது முடித்ததும் நமக்கு ஒரு நல்ல மனுஷன் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. ஓட்டு வீட்டுக் குழந்தைக்காகக் கண் கலங்கினோமே! அந்தக் குழந்தை படிக்கிற அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் உண்டா இல்லையா என்ற கேள்வி எழுவதற்குள் அடுத்த போட்டியாளர் வந்துவிடுகிறார்.

விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறேன். போட்டியில் குழந்தை அழுதால் படப்பிடிப்பு நிற்க வேண்டும், அழுத காட்சியை ஒளிபரப்பவோ ப்ரோமோவில் போடவோ கூடாது. பாடினதைக் காட்டு, ஆடினதைக் காட்டு, ஜெயித்தால் துள்ளிக் குதிப்பதைக் காட்டு. தோற்றால் அம்மா மேடையேறிக் கூட்டிக்கொண்டு போகட்டும், விளக்கை அணைத்துவிடு. ஒரு சினிமாப் படத்தில் நாயை ஓடவிட்டாலே விலங்கு நல வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு ஒரு வரி கேட்பது அதிகமில்லை.

இதைச் சொன்னால் சேனல்காரர்கள் டி.ஆர்.பி. விழுந்துவிடும் என்று பயப்படுவார்கள். கண்ணீர் இல்லாமல் சனிக்கிழமை ராத்திரியை எப்படி ஓட்டுவது? நியாயமான கவலை. அவர்களுக்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். பிள்ளைகளை விட்டுவிடுங்கள். தொகுப்பாளருக்கும் மூன்று நடுவர்களுக்கும் கண்ணுக்குக் கீழே ஆளுக்கு ஒரு சொட்டு விடுங்கள். பெரியவர்கள், நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. தேம்பித் தேம்பி அழட்டும். நாங்களும் சேலைத் தலைப்போடு தயாராக உட்காருகிறோம். கிளிசரின் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், டாக்டர் சீட்டுகூட வேண்டாம்.